தலைப்புக் கொடுக்காதீர்கள், கேள்வி வரும்வரை பொறுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலைக்கு ஆசிரிய நூலகராகப் புதிதாக வந்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: "தரம் 9 பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்துக்கென்று தந்திருக்கிறார்கள். ஒப்படை கொடுத்தால் இணையத்தில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். தேடவும், தேடியதைத் தங்கள் சொல்லில் எழுதவும் எப்படிப் பழக்குவது? தேடல்வழிக் கற்றல் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதெல்லாம் எங்களுடைய பாடசாலைகளில் நடக்கிற காரியமா?"

தேடல்வழிக் கற்றல் என்றால் பிள்ளை தன்னுடைய கேள்விக்குத் தானே தேடி விடை காண்பதுதான். அது எங்களிடமும் நடக்கும் ரீச்சர். முதல் வேலையாக, தலைப்புக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

"நீர் வளம்", "சூழல் மாசடைதல்", "எமது பிரதேசத்தின் வரலாற்றுச் சின்னங்கள்" என்று நாங்கள் தலைப்புகளை அள்ளிக் கொடுக்கிறோம். இந்தத் தலைப்புகளில் யாரோ ஏற்கெனவே எழுதி முடித்த கட்டுரை எங்கேயோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவதுதான் பிள்ளைக்கு நாங்கள் மறைமுகமாகக் கொடுக்கிற வேலை. வெள்ளிக்கிழமை தலைப்பு, திங்கட்கிழமை ஒப்படை. சந்தியில் இருக்கிற கொமினிகேசனுக்கு, அதுதான் இணையத்தில் எடுத்து அச்சடித்துத் தருகிற கடைக்குப் போய் "அண்ணா, நீர் வளத்துக்கு ஒரு ஒப்படை எடுத்துத் தாங்கோ" என்றால் கலர்ப் படத்தோடு நாலு பக்கம் வந்துவிடும். அட்டை போட்டு, கரைக்குப் பூ வரைந்து, கொண்டுவந்து வைத்தால் இருபதுக்குப் பதினெட்டு. அந்த நாலு பக்கத்தைப் பிள்ளையும் வாசிக்கவில்லை, கடை அண்ணாவும் வாசிக்கவில்லை, திருத்தியவரும் பெரும்பாலும் வாசித்திருக்க மாட்டார். பிள்ளையின் நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய இதில் ஒன்றும் இல்லை. கேட்டதைத்தான் கொண்டுவந்து தந்திருக்கிறது.

இப்போது இதைப் பாருங்கள்: "எங்கள் வீட்டுக் கிணறு ஆவணியில் உவர்க்கிறது. நாலு வீடு தள்ளிப் பெரியம்மா வீட்டுக் கிணறு உவர்ப்பதில்லை. ஏன்?" இதற்கு எந்த இணையத்தளத்திலும் கட்டுரை இல்லை. கொமினிகேசன் அண்ணாவும் கையை விரித்துவிடுவார். நாலைந்து இடத்தில் தேடி, துண்டு துண்டாகப் பொறுக்கி, பெரியம்மாவிடமும் போய்க் கேட்டு, பிள்ளை தானே யோசித்துத்தான் எழுத வேண்டும். பார்த்து எழுதுவதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பிரச்சினை என்னவென்றால், இப்படிப்பட்ட கேள்வி முதல் நாளே வராது. நாங்கள் தவறவிடுகிற இடம் அதுதான்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கரோல் கூல்தாவ், தானே பாடசாலை நூலகராக வேலை பார்த்தவர். மாணவர்கள் ஒரு ஆய்வு வேலையைத் தொடங்கி முடிக்கும்வரை என்ன செய்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்பதோடு என்ன உணர்கிறார்கள் என்பதையும் 1980களில் தொடர்ந்து கவனித்தார். தொடக்கத்தில் ஒரு தயக்கம். தலைப்பைத் தெரிவுசெய்ததும் ஒரு உற்சாகம். பிறகு நாலு புத்தகத்தைத் திறந்து பார்த்ததும் குழப்பம் வருகிறது. ஒன்றுக்கொன்று பொருந்தாத செய்திகள், எங்கே தொடங்குவது என்று தெரியாத எரிச்சல், "எனக்கு இது சரிவராது" என்ற சோர்வு. அந்தக் குழப்பத்தைத் தாண்டித் தனக்கென்று ஒரு குவிமையத்தை, அதாவது தான் பார்க்கப்போகும் ஒரு கோணத்தைப் பிடித்தவருக்குத்தான் அதன் பிறகு வேலை இலகுவாகிறது. பிடிக்காதவர் கையில் அகப்பட்டதை எல்லாம் எழுதி நிரப்புகிறார். குழப்பம் வருவது இயல்பு, அது தேடலின் ஒரு கட்டம் என்று அவர் காட்டியது பெரிய காரியம். எங்களிடம் அந்தக் கட்டத்தில் நிற்கிற பிள்ளைக்கு என்ன பெயர்? "விளங்காதவன்."

பிறகு அவரும் லெஸ்லி மனியோட்டிசும் ஆன் கஸ்பாரியும் சேர்ந்து இதை வகுப்பில் நடத்தக்கூடிய எட்டுப் படிகளாக 2012இல் வெளியிட்டார்கள். திறத்தல், மூழ்குதல், துழாவுதல், கேள்வியை இனங்காணல், திரட்டல், ஆக்கல், பகிர்தல், மதிப்பிடல். பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குறிப்பு எடுக்கத் தொடங்குகிற 'திரட்டல்' ஐந்தாவதாகத்தான் வருகிறது. பாதிப் பயணம் முடிந்த பிறகு! நாங்கள் முதலாவது பாடவேளையிலேயே "எல்லாரும் கொப்பியை எடுங்கோ, குறிப்பு எழுதுங்கோ" என்று தொடங்குகிறோம்.

சரி, நாற்பது நிமிடப் பாடவேளைகளை வைத்துக்கொண்டு இதை எப்படி ஓட்டுவது? தவணைக்குப் பத்துப் பாடவேளை கிடைத்தால் முதல் நாலையும் கேள்வி பிறப்பதற்கே விட்டுவிடுங்கள். நேரம் வீணாகிறது என்று யாராவது சொல்வார்கள். காதில் போடாதீர்கள்.

பாடம் நீர் என்றே வைத்துக்கொள்வோம், யாழ்ப்பாணத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. முதல் நாள் பேச்சுக் குறைவாக இருக்கட்டும். மூன்று போத்தலில் மூன்று கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். கடற்கரைப் பக்கம் ஒன்று, தோட்டக் கிணறு ஒன்று, பாடசாலைக் கிணறு ஒன்று. ஒரே அளவு சவர்க்காரத்தைப் போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். நுரை ஒன்றில் பொங்கும், ஒன்றில் பொங்காது. (குடித்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள். தோட்டக் கிணற்றில் உரத்தின் நைத்திரேற்று இருந்தால் நாக்குக்குத் தெரியாது.) ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியை வெயிலில் தட்டில் வற்றவிட்டு அடுத்த நாள் என்ன மிஞ்சியது என்று பார்க்கலாம். விளக்கம் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியருக்கு மிகக் கடினமான பகுதி இந்த வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

இரண்டாவது, மூன்றாவது பாடவேளைகள் மேய்ச்சலுக்கு. நீர் சம்பந்தமாக நூலகத்தில் உள்ளதை எல்லாம் மேசைகளில் பரப்பிவிடுங்கள்: புத்தகம், பழைய பத்திரிகைத் துண்டு, புவியியல் வரைபடம், பாடசாலை மலர்கள், ஆழத்துக்குப் பேர்போன எங்கள் நிலாவரைக் கிணற்றின் படம். எழுதக் கூடாது, புரட்டிப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கலாம். நூலகத்தில் சத்தம் வரும். வரட்டும். முடிகிற நேரத்தில் ஐந்து நிமிடம், ஆளுக்கொரு தேடல் கொப்பியில் "எனக்கு ஆச்சரியமாக இருந்தது", "எனக்கு விளங்காதது" என்று இரண்டு வரி.

நாலாவது பாடவேளை கேள்விக்கு. டான் ரோத்ஸ்டைன், லூஸ் சந்தானா என்ற இருவர் 2011இல் எழுதிய ஒரு முறை இதற்கு நன்றாக உதவும். ஐந்து பேர் கொண்ட குழு, ஒருவர் எழுதுவார். வருகிற கேள்வியை எல்லாம் சொல்ல வேண்டும், நல்ல கேள்வியா கெட்ட கேள்வியா என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது, விடை சொல்லக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், கேள்வியாக இல்லாததைக் கேள்வியாக மாற்ற வேண்டும். பத்து நிமிடம். பிறகு 'ஆம், இல்லை' என்று முடிகிற கேள்விகளையும் விரிகிற கேள்விகளையும் பிரித்து, ஒன்றை மற்றதாக மாற்றிப் பார்த்து, தங்களுக்குப் பிடித்த மூன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். எங்களுடைய பிள்ளைகள் முதல் தடவை வினாத்தாள் பாணியிலேயே கேட்பார்கள்: "நீரின் பயன்கள் யாவை?" அதற்குப் பதறத் தேவையில்லை. எட்டாவது, ஒன்பதாவது கேள்வியில் வினாத்தாள் தீர்ந்துபோய், வீட்டுக் கேள்வி வெளியே வரும். "துலா மிதிச்ச காலத்திலயும் உவர் வந்ததா?" "நிலாவரைக் கிணறு மேலே நல்ல தண்ணி, அடியில உப்பு எண்டு சொல்லினம், அது எப்பிடி?" "வெங்காயத் தோட்டத்துக் கிணத்துத் தண்ணியைச் சின்னப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?" இப்படி வந்துவிட்டால் உங்களுடைய வேலையில் பாதி முடிந்தது.

கேள்வியைத் தெரிவுசெய்யும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே தெரிய ஆசை இருக்கிறதா? கையெட்டும் தூரத்தில் சான்று இருக்கிறதா? ஆசை இருந்து சான்று இல்லாவிட்டால் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்த உதவுங்கள். சான்று இருந்து ஆசை இல்லாவிட்டால் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

இனித் திரட்டல். பழைய முறையில் நாங்கள், புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கிற டூயி தசமப் பகுப்பை ஒரு பாடமாகவே நடத்துவோம், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். உவர்க் கிணற்றுக் கேள்வியோடு வருகிற பிள்ளையைப் பாருங்கள். நிலத்தடி நீருக்கு 551.49. குடிநீர் வழங்கலுக்கு 628.1. உரத்துக்கு 631.8. இலங்கை வரலாற்றுக்கு 954.93. நிலாவரையில் இராமர் அம்பு ஊன்றினார் என்ற கதைக்கு 398.2. ஒரே கேள்வி பிள்ளையை அரை நூலகம் சுற்ற வைத்துவிட்டது. பகுப்பு எதற்கு என்று அதற்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தமிழில் இந்தப் பொருள்களில் புத்தகம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எங்களிடம் வேறு இடங்களில் இல்லாத சான்றுகள் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணினியும் இணைப்பும் போதும். இன்னொன்று, ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் கிடக்கிற கல்வெட்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தைத் தேவாரப் புத்தகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பலவற்றில் வம்சாவளி இருக்கும், ஊரின் பழைய பெயர் இருக்கும், யார் எங்கே தோட்டம் செய்தார், யார் கோயில் கேணியைத் திருத்தினார் என்று இருக்கும். பத்துக் கல்வெட்டை நூலகத்தில் சேர்த்து வைத்தால் ஊர் வரலாற்றுக்கு அதுவே ஒரு தட்டு. கூடவே ஒரு எச்சரிக்கையையும் சொல்லிக்கொடுங்கள்: இறந்தவரைப் பற்றிக் கல்வெட்டில் யாரும் குறை எழுதுவதில்லை.

முதியவரிடம் கேட்கப் போகிற பிள்ளை "உங்கட காலத்தில கிணறு எப்பிடி?" என்று கேட்டால் "அந்தக் காலம் பொற்காலம்" என்ற பதில்தான் வரும். "எந்த மாதத்தில உவர்க்கத் தொடங்கும்? மோட்டர் எப்ப பூட்டினீங்கள்? அதுக்கு முதல் எவ்வளவு நேரம் இறைப்பியள்?" என்று கேட்கப் பழக்குங்கள். ஊரைப் பற்றிக் கேட்கும்போது 1995 போர்க்கால இடப்பெயர்வும் அதற்குப் பின்னால் நடந்தவையும் வரும், சில வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்போது கேள்வியை வற்புறுத்தக் கூடாது என்பதையும் முதலே சொல்லி அனுப்புங்கள்.

சான்றுகள் முரண்படும்போது பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஒன்றை அழித்துவிட்டு மற்றதை எழுதுவார்கள். முரண்பாட்டைத் தொட்டுப் பார்க்க வைக்க நல்ல உதாரணம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட திகதி. சில நூல்களில் 1981 மே 31 என்றிருக்கும், சிலவற்றில் யூன் 1 என்றிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏன் இப்படி என்று கேளுங்கள். இரவு நேரத்துச் சம்பவம் என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். பிறகு, எழுதியவர் அன்றைக்கு அங்கே இருந்தவரா, கேட்டு எழுதினவரா, எந்த ஆண்டு எழுதினார் என்று கேள்விகள் தானாக வரும். "இந்த இணையத்தளம் நம்பகமானதா" என்று சரிபார்க்கும் பட்டியல் கொடுத்துப் புள்ளடி போடச் சொல்வதைவிட இது நெஞ்சில் நிற்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலி தருகிற விடையையும் இதே மேசையில் வையுங்கள். அதைத் தடை செய்து வெல்ல முடியாது. "இந்த வரிக்கு ஆதாரம் எங்கே, தேடிக் கொண்டா" என்று ஒரு பந்தியைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளே அதன் ஓட்டைகளைக் காட்டுவார்கள்.

குறிப்பு எடுப்பதில் ஒரே ஒரு சட்டம் வையுங்கள்: புத்தகத்தை மூடிய பிறகுதான் பேனையைத் தொடலாம். கொப்பிப் பக்கத்தை நடுவால் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் நூல் சொன்னது, வலது பக்கம் தன் யோசனை. தலையில் நூலின் பெயரும் பக்க எண்ணும். உதாரணத்துக்கு, ஒரு புத்தகத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் படைகளில் தேங்குகிறது. மழைநீர் துளைகளூடாக இறங்கி, அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மிகையாக இறைத்தால் உவர்நீர் மேலெழும்."

பிள்ளையின் இடது பக்கம்: "சுண்ணாம்புக்கல், துளை. நல்ல தண்ணீர் மேலே, உவர் கீழே. 1 அடிக்கு 40 அடி. கூட இறைத்தால் உவர் ஏறும்." வலது பக்கம்: "அப்படியென்றால் ஓரடி இறங்கினால் கீழே 40 அடி குறையுமா? எங்கள் மோட்டர் காலையும் பின்னேரமும் ஓடுது. பெரியம்மா வாளியில்தான் அள்ளுறா. அதுவா காரணம்? இல்லாவிட்டால் அவ வீடு கடலுக்கு இன்னும் தூரமா?"

அந்த வலது பக்கம்தான் கட்டுரை. இடது பக்கத்தை யாரும் எழுதலாம்.

எழுத்துக்கு வரும்போது எங்களுடைய பெரிய இடைஞ்சல் முன்னுரை. குறளில் ஒரு வரி, "இன்றைய நவீன உலகில்" என்று ஒரு வரி, "இத்தகைய சிறப்புமிக்க நீரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்" என்று ஒரு வரி. பிள்ளையின் குரல் அதற்குள்ளேயே புதைந்துவிடும். தமிழ்ப் பாடத்தில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. இந்த வேலையில் மட்டும் முதல் வசனம் தான் கண்டதாகவோ தன் கேள்வியாகவோ இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முன் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு வாயால் சொல்லச் சொல்லுங்கள். "எங்கட கிணறு மாரியில நல்ல தண்ணி, ஆவணி வந்தா உவர்" என்று சொல்லும். அதையே "எங்கள் கிணற்று நீர் மாரியில் நன்னீராகவும் ஆவணியில் உவராகவும் இருக்கிறது" என்று எழுதும். பேச்சிலிருந்து எழுத்துக்கு ஏறுகிற இந்தப் படியில் பிள்ளையின் பொருள் மாறுவதில்லை, உடை மட்டும் மாறுகிறது. நேரடியாக எழுத உட்கார்ந்தால் உடை வரும், பொருள் வராது.

பிறகு ஒவ்வொரு பந்தியிலும் ஒரு கருத்து, அதற்குச் சான்று, சான்று எங்கிருந்து, அதனால் நான் என்ன நினைக்கிறேன். இவ்வளவுதான். கடைசியில் முடிவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. "இறைப்புக் காரணமாக இருக்கலாம், கடலிலிருந்து உள்ள தூரத்தையும் அளந்தால்தான் சொல்லலாம்" என்று ஒரு தரம் 9 பிள்ளை எழுதினால் அதற்கு நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன்.

மேற்கோள் காட்டுவதை எளிதாக வையுங்கள்: ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம். ஆளிடம் கேட்டிருந்தால் உறவுமுறை, வயது, ஊர், கேட்ட திகதி. அம்மம்மாவையும் சான்றாக எழுதலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

இனி நடைமுறைத் தொல்லைகள். ஆசிரியர் வராத வகுப்பை நூலகத்துக்குத் தள்ளிவிடுவது, விளையாட்டுப் போட்டிக் காலத்தில் பாடவேளை காணாமல் போவது எல்லாம் இருக்கும். விளையாட்டுப் போட்டி நடக்கிற தவணையைத் தவிர்த்துத் தொடங்குங்கள். தனியாகச் செய்யாதீர்கள், விஞ்ஞான ஆசிரியரையோ புவியியல் ஆசிரியரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் "புதிதாக ஒரு வேலை" என்று போனால் ஓடிவிடுவார். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு எப்படியும் ஒரு ஒப்படை வேண்டுமே, அதையே நூலகத்தில் இப்படிச் செய்விப்போம், திருத்துவதில் பாதியை நான் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். பாடத்திட்டம் இடம் தராது என்று அதிபர் சொன்னால், 2007இல் வந்த தேர்ச்சிமையப் பாடத்திட்டமே பிள்ளை ஈடுபட்டு, தேடி, விளக்கி, விரித்து, மதிப்பிட்டுக் கற்கும் ஐந்து படி முறையைத்தான் சொன்னது என்பதை அன்றைய ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து காட்டலாம். சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2015இல் வெளியிட்ட பாடசாலை நூலக வழிகாட்டியும் தேடல்வழிக் கற்றலை நூலகரின் கற்பித்தல் வேலையாகவே வைக்கிறது. காகிதம் இருந்தால் வாதம் சுருங்கும்.

புள்ளியைப் பிரித்துப் போடுங்கள். இருபதில் கேள்விக்கு நாலு, தேடல் கொப்பிக்கு எட்டு, எழுத்துக்கு ஆறு, மேற்கோளுக்கு இரண்டு. கொப்பிக்கு எட்டு என்றவுடன் கொமினிகேசன் வழி தானாக அடைபடும், ஏனென்றால் வாரம் வாரம் வளர்ந்த கொப்பியைக் கடையில் வாங்க முடியாது. அலங்காரத்துக்குப் புள்ளி இல்லை என்பதை முதல் நாளே அறிவியுங்கள், பெற்றோரின் பிறிஸ்டல் போர்ட் செலவும் மிச்சம்.

முடிந்த கட்டுரைகளை அலுமாரியில் பூட்டாதீர்கள். தடித்த நூலால் கட்டி, பகுப்பெண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, 551.49இல் மற்றப் புத்தகங்களோடு வையுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளை அதை எடுத்து "அக்கா எழுதினது பிழை, எங்கட பக்கம் அப்படி இல்லை" என்று தொடங்கலாம்.

முதல் தடவை ஒரே ஒரு வகுப்போடு செய்யுங்கள். விஞ்ஞான ஆசிரியர் எந்தப் பிரிவுக்குச் சம்மதிக்கிறாரோ அந்தப் பிரிவு. கெட்டிக்கார வகுப்பில்தான் இது சரிவரும் என்று ஒரு சிலர் சொல்வார்கள். வினாத்தாள் பழக்கம் முற்றிப்போன பிரிவில்தான் கேள்வி வர நேரம் எடுக்கும். தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிற பிரிவு கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள் ரீச்சர்.